பெட்டி இலவசம் என்றார்கள், 27,500 ரூபாய் போனது

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வெளிநாட்டுக்குப் பார்சல் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. காலி வீதிப் பக்கம் 'உலகெங்கும் பார்சல் சேவை' என்று பலகை மாட்டிய சின்னக் கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்று. எப்படித் தப்புவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. நான் தைத்த நான்கு பிளவுஸ், இரண்டு சேலை, பயத்தம் பணியாரம், முறுக்கு, மிளகாய்த்தூள், கொஞ்சம் ஒடியல் மா. எல்லாவற்றையும் பலசரக்குக் கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டி ஒன்றில் இறுக்கி அடுக்கி ஆட்டோவில் கொண்டு போனேன். கடைப் பெடியன் ஓடி வந்து பெட்டியை இறக்கினான். "அன்ரி, இருங்கோ, பாரம் தூக்காதேங்கோ" என்றான். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டான். தராசில் 9.4 கிலோ. அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றி 9.5, கிலோ 2,200 ரூபாய், 20,900 என்று கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான். சரி என்று 10,000 முற்பணம் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்தக் கதை. "அன்ரி, இந்தப் பெட்டி தாங்காது, கட்டுநாயக்காவில நசிஞ்சு போகும். எங்கட பெட்டியில போட்டுத் தாறன். காசில்லை, இலவசம். பெட்டிப் பாரமும் கணக்கில இல்லை." என் கண் முன்னால் பெரிய பெட்டி ஒன்றை விரித்தான். ஒவ்வொரு பொதியாக எடுத்து வைத்து, சுற்றிவர ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகளை அடைத்து, டேப்பை நாலு சுற்றுச் சுற்றினான். முறுக்கு உடையாமல் போகட்டும் என்று எவ்வளவு கரிசனை என நினைத்தேன். போகும்போது 'நல்லா இரு தம்பி' என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் பில். 22 கிலோ, 48,400 ரூபாய். மிச்சம் 38,400 கட்டினால்தான் விமானத்தில் ஏறும், திருப்பி எடுப்பதென்றால் தனிக் கட்டணம். சடங்குக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கட்டினேன்.

9.4 கிலோ எப்படி 22 ஆனது? விமானத்தில் பாரத்துக்கு முன்னால் இடம்தான் நிறைகிறது. அதனால் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி, கூரியர்காரர்கள் பெரும்பாலும் 5000ஆல் பிரிக்கிறார்கள். வருவது கன அளவு எடை. அதுவும் தராசு எடையும் இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. கடையில் விற்கிற 5 லீற்றர் தண்ணிப் போத்தல் பிடிக்கிற இடத்துக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். உள்ளே பஞ்சு இருந்தாலும் அதே கிலோதான். கணக்கில் பிழை இல்லை, எல்லா இடத்திலும் உள்ள முறை. அதைச் சொல்லாமல் காற்றை அடைத்து அனுப்பினானே, அதுதான் களவு.

நான் கொண்டுபோன அதே பிஸ்கட் பெட்டியில் இன்னொன்று வீட்டில் கிடக்கிறது. அளந்தேன்: 45, 35, 30. பெருக்கி 5000ஆல் பிரித்தால் 9.45. அதாவது என் பெட்டியிலேயே போயிருந்தால் அவன் முதலில் சொன்ன 20,900 சரியாக வந்திருக்கும். பில்லில் போட்டிருப்பது 60, 45, 40. பிரித்தால் 21.6, அது 22 ஆகிவிட்டது.

இதோடு முடியவில்லை. பார்சல் போய்ச் சேர்ந்ததும் தங்கச்சியை வீடியோவில் அளக்கச் சொன்னேன். 54, 40, 36! அவர்களுடைய பெட்டிக்கே 16 கிலோதான் வருகிறது. ஆறு, ஐந்து, நாலு சென்ரிமீற்றர் கூட்டி எழுதி ஆறு கிலோ விழுங்கியிருக்கிறார்கள். அது மட்டும் 13,200. பெரிய பெட்டியால் போனது 14,300. மொத்தம் 27,500 ரூபாய். நான் ஒரு பிளவுஸுக்கு 1,800 வாங்குகிறேன். பதினைந்து பிளவுஸ் தைத்த காசு! கை வெட்டைக் கால் அங்குலம் பார்த்துத் தைக்கிற எனக்கு, அன்று கைப்பையில் கிடந்த நாடாவை எடுக்கத் தோன்றவில்லை.

போய்க் கேட்டேன். முதல் நாள் "சிஸ்டம் அப்பிடித்தான் காட்டுது அன்ரி." இரண்டாம் நாள் "நாங்கள் ஏஜென்ட் மட்டும்தான், மேல கேளுங்கோ." மேலே என்று தந்த நம்பருக்கு எடுத்தால் அதே பெடியனின் குரல், இந்த முறை 'மேடம்' என்றான். மூன்றாம் நாள் முதலாளி இருந்தார். தங்கச்சி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இங்க இருக்கேக்க பெட்டி வீங்கியிருந்திருக்கும்" என்றார். ரெஜிபோம் வைத்த பெட்டி ரொறன்ரோ போய் வற்றிவிட்டதாம்! ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் வருகிறது.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், எழுத எழுதக் கை நடுங்குகிறது. சுருக்கமாக: பெட்டியைக் கடையில் மாற்ற விடாதீர்கள், மாற்றினால் டேப் ஒட்டியதும் உங்கள் நாடாவால் அளந்து படம் எடுங்கள். பொங்கி நிற்கிற இடத்தில்தான் அளப்பார்கள், ஆகவே தட்டையாக ஒட்டச் சொல்லுங்கள். எதால் பிரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். விமானக் கார்கோவுக்கு 6000 என்பதும் உண்டு, அதில் 22 கிலோ போட்ட அதே அளவுப் பெட்டிக்கு 18தான் வரும். முழுத் தொகையையும் எழுதி வாங்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு எடுக்கப் போகிறேன். பில், அளந்த படங்கள், 27,500 ரூபாய்க் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். காலி வீதிப் பக்கக் கடைகளில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லை எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்த்தே கொடுக்கலாம்.