பாம்பு விரட்டிப் பொடி: 900 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொடி வேலை செய்யவில்லை. அவசரத்தில் இருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் வாங்கினேன், அதற்குப் பதில் எதை நம்பலாம் என்று தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

எங்களுக்குத் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற கம்போளத்தில், அதாவது சந்தையில், பயறு, பருப்பு மொத்தக் கடை. ஊர் நாகர்கோவில் பக்கம், மாமனார் காலத்தில் இங்கே வந்தது. சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை ஏழு மணிக்கே லாரி, ஆட்டோ, சுமட்டுத் தொழிலாளிகள், கறிவேப்பிலைக் கட்டு என்று கால் வைக்க இடமிருக்காது. இந்த நெரிசலில் பாம்பு எங்கிருந்து வரும் என்றுதான் நானும் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கடையின் முன்பக்கம்தான் நகரம், பின்பக்கம் வேறு. பின்னால் ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் ஓடை, ஓடைத் தண்ணீர் போவது கிள்ளியாற்றுக்கு. கிட்டங்கியில் மூட்டை இருக்கிறது, மூட்டைக்கு எலி வருகிறது, எலிக்கு எது வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிற ஆமயிழஞ்சான் தோடு என்கிற ஓடையின் பெயரிலேயே ஆமை ஊர்கிறது, அப்புறம் நாம் என்ன ஆச்சரியப்படுவது.

ஏப்ரல் கடைசியில் கிட்டங்கி மூலையில் பழைய சாக்குகளை எடுத்தபோது பாம்புச் சட்டை ஒன்று நீளமாக வந்தது, ஆறடிக்குக் குறையாது. கடைப் பையன் அன்று முழுக்க உள்ளே போகவில்லை. அத்தை நாகராஜா கோவிலுக்குப் பாலும் மஞ்சளும் கொடுத்தால் சரியாகும் என்றார், கொடுத்தோம். அவர் அதோடு நிம்மதியாகிவிட்டார், நான்தான் ஆகவில்லை. பூச்சி மருந்து அடிக்கிற ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பையனைக் கூப்பிட்டேன்.

அவன் இரண்டு டப்பா கொடுத்தான், ஒன்று 450 ரூபாய். டப்பாவில் படமெடுத்த நாகம், அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. 90 நாள் பாதுகாப்பு, சுற்றிலும் ஒரு கோடு போட்டால் பாம்பு தாண்டாது என்றான். ஆறாயிரத்துக்கு வருட ஒப்பந்தம் போடலாம் என்றும் சொன்னான், நல்லவேளை அன்று கல்லாவில் அவ்வளவு இல்லை. அவன் போன பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். நாப்தலீன், கந்தகம். அதாவது பாச்சை உருண்டையைப் பொடித்து மஞ்சள் நிறம் சேர்த்தது மாதிரி ஒன்று.

அதைப் பின்கதவு ஓரமாகவும் சுவர் ஓரமாகவும் விரல் தடிமனுக்குக் கோடாகப் போட்டோம். வாடை என்றால் வாடை, இரண்டு நாள் தலைவலி. நாலாம் நாள் ஆரியசாலையில் ஹோட்டல் வைத்திருப்பவர் இரண்டு மூட்டைச் சிறுபயறைத் திருப்பி அனுப்பிவிட்டார். கஞ்சிக்கு வைத்த பயறில் பாச்சை உருண்டை வாடை அடிக்கிறது, நான் கஸ்டமரிடம் என்ன சொல்ல என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம். நாப்தலீன் சாப்பாட்டுப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாத சாமான், உள்ளே போனால் சிலருக்கு ரத்தச் சிவப்பணுவே உடையும். இதை அந்தப் பையன் சொல்லவில்லை. பருப்புக் கடையில்தான் போடப்போகிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், மூட்டை மேல் உட்கார்ந்துதான் பில் எழுதினான். மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டதையெல்லாம் அன்றே கூட்டி அள்ளினோம், பின்கதவு ஓரத்தில் மட்டும் விட்டுவைத்தேன். காசு போட்டு வாங்கியது, மனசு கேட்கவில்லை.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பின்பக்கம் போனேன். கோடு அப்படியே இருந்தது, ஆனால் நடுவில் பென்சில் அகலத்துக்கு ஒரு வளைந்த தடம், பொடி இரண்டு பக்கமும் ஒதுங்கி, அந்தப் பக்கம் சிமெண்ட் தரையில் கொஞ்ச தூரத்துக்கு மஞ்சளாகத் தேய்ந்திருந்தது. கோலத்தை மிதித்துக்கொண்டு போன பிள்ளையின் கால் தெரியுமே, அப்படி. இந்தப் பொடிக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன் என்றால் அந்தத் தடத்தைக் காட்டிக்கொடுத்ததற்காக மட்டும்தான்.

பாம்பு ஸ்விட்ச் போர்டுக்கு மேலே, டியூப் லைட் பட்டையின் பின்னால் சுருண்டிருந்தது. பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை. பையன் பார்த்ததும் "அக்கா, கட்டுவிரியன்!" என்று தெருவுக்கே ஓடிவிட்டான். ஊரிலென்றால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுவோம். இங்கே எங்கள் சுமட்டுச் சேட்டன்தான் கம்பு எடுத்த நாலு பேரையும் வெளியே தள்ளிவிட்டு, என் போனை வாங்கி 'சர்ப்ப' ஆப்பை இறக்கினார். கேரள வனத்துறையின் ஆப் இது. இருப்பிடத்தைக் காட்ட அனுமதி கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற, பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிய பாம்பு மீட்பவர்களின் எண்கள் வருகின்றன. முதல் எண்ணிலேயே ஒரு பெண் எடுத்தார்.

"வெள்ளிக்கெட்டனோ, வெள்ளிவரயனோ?" என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. எல்லையோரத்தில் எவ்வளவு காலம் மலையாளம் பேசினாலும் பாம்புப் பெயர் என்று வரும்போது நாக்கு தமிழுக்கே திரும்பிவிடுகிறது. வெள்ளிக்கெட்டன் நம் கட்டுவிரியன், வெள்ளிவரயன் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு, இது அன்றைக்குத்தான் தெரிந்தது. தூரத்தில் நின்று ஜூம் பண்ணி ஒரு படம் அனுப்புங்கள், கம்பால் குத்தாதீர்கள், ஒருவர் மட்டும் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். படம் போன ஒரு நிமிடத்தில் "வெள்ளிவரயன்தான் என்று தோன்றுகிறது, ஆனாலும் நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்" என்று பதில். முப்பத்தைந்து நிமிடத்தில், அந்த மழையில், கிழக்கேகோட்டை நெரிசலைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்து நின்றார்.

டிவியில் பார்க்கிற மாதிரி வாலைப் பிடித்துத் தூக்குகிற வித்தையெல்லாம் இல்லை. ஒரு கொக்கி, ஒரு பிவிசி குழாய், குழாயின் மறுமுனையில் கட்டிய கறுப்புத் துணிப்பை. குழாயின் வாயைப் பாம்புக்குப் பக்கத்தில் வைத்துக் கொக்கியால் மெல்ல ஒதுக்கினார். இருட்டைப் பார்த்ததும் பொந்து என்று நினைத்து அதுவே உள்ளே போனது, பைக்குள் இறங்கியதும் முடிச்சு. கை பாம்பில் படவே இல்லை. மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும், பையன் தெருவிலிருந்து திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஓநாய்ப் பாம்பில் பட்டை கழுத்துப் பக்கத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் போகப் போக மங்கும், கட்டுவிரியனில் தலைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிக்கும், வால் பக்கம் தெளிவாக இருக்கும் என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சுவரில் இவ்வளவு உயரம் ஏறியதுமே தனக்குச் சந்தேகம் வந்ததாம், லைட்டுக்கு வருகிற பல்லிக்காக ஏறியிருக்கிறது. ஆனால் இதை வைத்து நீங்களே முடிவு பண்ணிக் கிட்டே போகாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது, பல் பட்ட இடமும் தெரியாது, அப்புறம் இமை தொங்கி மூச்சு நிற்கும்.

எடுத்து வைத்திருந்த சட்டையைக் காட்டினேன். சாரை என்றார். உரித்த சட்டை இழுபட்டு உண்மையான பாம்பைவிட நீளமாகத்தான் இருக்குமாம், அதனால் ஆறடி என்று பயப்பட வேண்டாமாம். அப்புறம் பொடிக் கோட்டைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முடியவில்லை. "சேச்சி, இதின்மேல் கூடியல்லே அவன் வந்நது!" அக்கா, இதன் மேலேதானே அவன் வந்திருக்கிறான் என்று அர்த்தம். பாம்பு நாக்கால் வாசனையை எடுத்து வாய்க்குள் இருக்கிற உறுப்பில் வைத்துத்தான் மோப்பம் பிடிக்கிறது, அதனால் நமக்கு மூக்கைப் பிய்க்கிற வாடை அதையும் விரட்டும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இதே இரண்டு சரக்கையும் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களும் பாம்பு பாட்டுக்குத் தாண்டிப் போகிறது என்றுதான் கண்டிருக்கிறார்கள். பூண்டு, ஃபினாயில், உப்பு எல்லாமும் அப்படித்தான் என்றார் அவர்.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. இது இலவச சேவை, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள் என்றார். கட்டன்சாயா மட்டும் குடித்தார், ஆப்பில் பதிவு போட்டுவிட்டுப் பையோடு கிளம்பினார்.

கிளம்புமுன் கடையைச் சுற்றிக் காட்டியதுதான் உண்மையான சேவை. பின்கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. ஓடைக்குப் போகிற குழாய்க்கு வலையில்லை. சுவரை ஒட்டி மூட்டை. மூலையில் பழைய சாக்குக் குவியல். கதவடியில் ரப்பர் பட்டை, குழாய்க்குக் கம்பிவலை, எலி வளைகளுக்குச் சிமெண்ட், எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிச் சுவரைவிட்டு ஓரடி தள்ளி அடுக்கினோம், சாக்கைப் பழைய சாக்குக்காரருக்குப் போட்டோம். எலி குறைந்தது கண்கூடு, மாதம் ஒரு மூட்டையாவது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவை. அதன் பிறகு வந்தது துலாமழையில், அதாவது ஐப்பசி மழையில், ஓடையோரம் ஒரு நீர்க்கோலி மட்டும், நம் தண்ணீர்ப் பாம்பு. நீர்க்கோலி கடித்தாலும் அத்தாழம் (ராத்திரிச் சாப்பாடு) முடங்கும் என்று இங்கே சொல்வார்கள், அதனால் அதையும் யாரும் சீண்டவில்லை.

ஆப் பற்றி இன்னும் ஒன்று. விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைகளின் பட்டியலும் அதில் இருக்கிறது, எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற மருந்தில்லை அது, இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கும்தான். கேரளத்து ரப்பர் தோட்டங்களில் இருக்கிற முழமூக்கன் குழிவிரியனுக்கு அது கேட்காது. அடிக்கிற எண்ணம் இருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கேஸாகும்.

பொடி நிறுவனத்துக்குப் போன் போட்டேன். மழைத் தண்ணீரில் வீரியம் குறைந்திருக்கும் மேடம், 1,200 ரூபாயில் ஜெல் வந்திருக்கிறது என்றார்கள். தடத்தின் படத்தை அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இரண்டாவது டப்பா பிரிக்காமல் கல்லாவுக்கு அடியில் இருக்கிறது, பில்லையும் அதன் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் கேட்டு அந்தப் பையன் எப்படியும் ஏப்ரலில் வருவான்.