ரேசரா, வாக்ஸா, லேசரா? கால் முடியின் கணக்கு வேறு

சென்ற ஆண்டு சித்தி மகளின் திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒரு பார்லரில் முழுக்காலுக்கும் வாக்ஸிங் செய்துகொண்டேன். முகூர்த்தத்தன்று அதிகாலையில் கொலுசு மாட்டக் குனிந்தால் கணுக்கால் முழுக்கக் கரும்புள்ளிகள். அந்தப் பெண்ணுக்குக் கை பழகவில்லை, வாக்ஸ் மட்டம் என்று வீட்டில் எல்லோரிடமும் புலம்பினேன். குற்றவாளி என் குளியலறையில்தான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. பார்லருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு அவசரத்துக்கு ரேசரை எடுத்திருந்தேன்.

முடி நீக்கும் முறைகளை ஒப்பிடுபவர்கள் வலியையும் செலவையும்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த முறை முடியை எந்தப் பருவத்தில் பிடிக்கிறது என்பதை.

ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனித்தனி நாட்காட்டி உண்டு. முடி நீளும் வளர்பருவம், வேர் சுருங்கும் சில வார இடைப்பருவம், நீளாமல் குழிக்குள் செருகியபடி நிற்கும் ஓய்வுப்பருவம். தலைமுடியின் வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டுகள். அதனால்தான் பின்னல் இடுப்பைத் தொடுகிறது. கால் முடிக்கு வளர்ச்சி ஏறக்குறைய 4 மாதம், ஓய்வு ஏறக்குறைய 6 மாதம். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், எந்த நாளில் பார்த்தாலும் காலில் பாதிக்கும் குறைவான முடிதான் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே நாளில் நாற்று நட்ட வயல் அல்ல அது. ஒரு பாத்தியில் கதிர் முற்றியிருக்கும், அடுத்ததில் இப்போதுதான் முளை விட்டிருக்கும், அதற்கடுத்தது தரிசாகக் கிடக்கும்.

ரேசருக்கு இந்தப் பாத்திக் கணக்கெல்லாம் தேவையில்லை. எல்லாவற்றையும் தோல் மட்டத்தில் அறுத்துவிட்டுப் போகும். வளர்பருவ முடி இரண்டு மூன்று நாளில் மறுபடி தலை காட்டும். அறுபட்ட முனை தட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஷேவ் செய்தால் முடி தடிக்கும், கறுக்கும் என்பதை அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் நடப்பதில்லை என்று எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நூறு ஆண்டாகியும் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. முடி நீக்கும் கிரீமும் ரேசரின் ஒன்றுவிட்ட தங்கைதான். தயோகிளைகோலேட் உப்பு முடியின் புரதத்தைக் கூழாக்குகிறது, வேரைத் தொடுவதில்லை.

வாக்ஸிங் வேரோடு பிடுங்குகிறது. ஆனால் பிடி கிடைப்பதை மட்டும்தான். முடி தோலுக்கு மேல் 5, 6 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கால் முடி ஒரு நாளைக்கு வளர்வது கால் மில்லிமீட்டருக்குள் என்பதால், ஷேவிங்குக்குப் பிறகு அந்த நீளம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்.

என் கணுக்காலில் நடந்த கதையும் இதுதான். நான் ஷேவ் செய்தபோது ஓய்வில் இருந்த முடிகளும் அறுபட்டன. அவை இனி நீளப் போவதில்லை. தோல் மட்டத்தில் மொட்டையாக உட்கார்ந்திருந்தன. இரண்டு வாரத்தில் வளர்பருவ முடிகளே பாதி நீளம்தான் வந்திருந்தன. வாக்ஸ் கையில் அகப்பட்டதைப் பிடுங்கியது, சிலவற்றை நடுவில் ஒடித்தது, மொட்டைகளை விட்டுவிட்டது. பத்து நாளில் நான் பார்த்தது பிடுங்கிய முடியின் மறுபிறவி அல்ல. ஒடிந்த முடியும், பிடுங்கும்போது தோலுக்கடியில் முளை நிலையில் இருந்த முடியும்தான்.

உண்மையில் வேரோடு வந்த வளர்பருவ முடி திரும்பத் தலை காட்டப் பல வாரம் ஆகும். ஓய்வில் இருந்ததைப் பிடுங்கினால் அந்தக் குழி விழித்துக்கொண்டு புது முடியைத் தொடங்குகிறது. எனவே ரேசரைத் தொடாமல் 4 அல்லது 5 வாரத்துக்கு ஒருமுறை வாக்ஸ் செய்பவருக்கு ஒவ்வொரு தடவையும் அடுத்த பாத்தி பிடிக்கக் கிடைக்கிறது. இரண்டாவது, மூன்றாவது தடவைக்குப் பிறகு கால் வழுவழுப்பாக இருக்கும் நாட்கள் கூடுவதை நானே பார்த்தேன். இடையில் ஒரே ஒருமுறை ரேசரை எடுத்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். “தொடர்ந்து செய்தால் முடியே வராது” என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வாக்ஸிங் நிரந்தரத் தீர்வு அல்ல.

முடியைக் கவ்விப் பிடுங்கும் மின்கருவியான எபிலேட்டர் வாக்ஸிங்கின் பங்காளி. வாக்ஸ் பிடிக்காத குட்டை முடியையும் கவ்வும் என்பதால் ஒவ்வொரு பாத்தியும் முளைக்க முளைக்கப் பிடுங்கலாம். ஆனால் முடியை ஒடிக்கும் வாய்ப்பு அதிகம், ஒடிந்தது தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

லேசர் இந்தப் போட்டியில் வேறு பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த கொள்கைப்படி, ஒளியை முடியின் கருநிறமி உறிஞ்சி, அந்தச் சூடு மயிர்க்காலைத் தாக்குகிறது. குழிக்குள் கருநிற முடி இருக்க வேண்டும், அதுவும் வேரோடு உயிர்த் தொடர்பில் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே லேசருக்கு முந்தைய நான்கு வாரமாவது வாக்ஸிங், திரெடிங், எபிலேட்டர் மூன்றும் கூடாது. முந்தின நாள் ஷேவ் மட்டும் செய்துகொண்டு வரச் சொல்வார்கள். வாக்ஸிங்குக்குப் பகையான ரேசர் லேசருக்கு நெருங்கிய தோழி என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஒரு அமர்வில் சிக்குவது அன்றைக்கு வளரும் பாத்தி மட்டுமே; அதனால்தான் ஆறு, எட்டு அமர்வுகள். முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளி போதும். காலுக்கு அதைவிட நீண்ட இடைவெளி வேண்டும், இரண்டு மாதம் என்றாலும் தகும். காலுக்கும் முகத்துக்கும் ஒரே மாதாந்திரத் திட்டத்தை விற்பவர் மயிர்க்காலின் நாட்காட்டியைப் பார்க்காதவர். நரைத்த முடியில் லேசர் வேலை செய்யாது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீள என்டி-யாக் வகை லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. தவறான கருவி தோலையே சுட்டுவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் லேசரை ‘நிரந்தரக் குறைப்பு’ என்றே சொல்ல அனுமதிக்கிறது. நிரந்தர நீக்கம் என்ற பெயர், ஊசி வழியே மின்சாரம் செலுத்தி வேரை அழிக்கும் மின்னாற்பகுப்புக்கு மட்டும். 1875-இல் சார்லஸ் மிஷல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் உள்நோக்கி வளர்ந்த கண்ணிமை முடிக்காகத் தொடங்கிய முறை அது. ஒவ்வொரு குழியிலும் ஊசி நுழைய வேண்டும் என்பதால் தாடையில் நாலைந்து முடிக்குச் சரி. இரண்டு காலுக்கும் என்றால் ஆயுள் போதாது.

இடம் மாறினால் என் தீர்ப்பும் மாறும். மேலுதட்டில் பாதிக்கு மேற்பட்ட முடி எப்போதும் வளர்பருவத்தில் இருக்கிறது, ஓய்வும் ஒன்றரை மாதம்தான். திரெடிங் செய்து இரண்டு வாரத்தில் நிழல் விழுந்தால் திரெடிங் செய்தவரைத் திட்டாதீர்கள். புருவம் நேர் எதிர். பெரும்பகுதி ஓய்வில் இருக்கும், மெதுவாகத் திரும்பும், ஆண்டுக்கணக்கில் பிடுங்கினால் சில இடங்களில் திரும்பாமலே போகும். அக்குளுக்கு என் வாக்கு லேசருக்கு, பணம் இல்லாத மாதங்களில் ரேசருக்கு. தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி திடீரென்று கூடி, மாதவிடாயும் தப்பினால் பார்லருக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். அந்த இடத்தில் யோசிக்காமல் லேசர் செய்துகொள்வதும் ஆபத்து. நம் போன்ற நிறமுடைய பெண்கள் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் லேசருக்குப் பிறகு முடி கூடியிருக்கிறது. பருவுக்கு ரெட்டினாய்டு வகை கிரீம் பூசுபவர்கள் அந்த இடத்தில் வாக்ஸ் பக்கமே போகக் கூடாது, தோல் உரிந்து வந்துவிடும்.

காலுக்கு மட்டும் என் தேர்வு வாக்ஸிங், ரேசரை அலமாரியில் பூட்டி வைக்க முடிந்தால். முடியாதவர்கள் மனம் நோகாமல் ஷேவே செய்துகொள்ளலாம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதுதான் பணத்துக்கும் தோலுக்கும் நட்டம்.

வரும் தை மாதம் சித்தியின் இரண்டாவது மகளுக்குத் திருமணம். முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் முன்பு ஒரு வாக்ஸிங், பிறகு மூன்று நாள் முன்பு ஒன்று என்று குறித்து வைத்திருக்கிறேன். ரேசரை இப்போதே அம்மாவிடம் கொடுத்தாயிற்று.