இடது முன்சக்கரத்திலிருந்து ஒரு ‘டொக்’

நண்பன் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான். “உன் வண்டிக்குச் செய்ததுபோல என் வண்டிக்கும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றலாமா, வேண்டாமா? ஒரே சொல்லில் சொல்.” அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் கார் பட்டறையிலிருந்து வந்திருந்தது, ஒரே புஷ்ஷை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையை, இரண்டாவது முறையாக மாற்றிக்கொண்டு. “வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனம் உறுத்தியது. இந்த மாற்றத்தைச் செய்து இரண்டரை ஆண்டு ஆகிறது, 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் வண்டியைத் திட்டிய நாட்களைவிட ரசித்த நாட்களே அதிகம். ஆகவே அந்த ஒரு சொல்லை இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன்.

வண்டியில் விசேஷம் எதுவும் இல்லை. முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரணச் சிறிய பெட்ரோல் கார். முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து முறுகிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம். எர்ல் மேக்பெர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட் 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சலிலேயே இருந்தது. டார்ஷன் பீம் 1974இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் இருந்தது. ஆக, என் வண்டியின் முன்பக்க வடிவமைப்புக்கு ஒரு வயது, பின்பக்க வடிவமைப்புக்கு வேறு வயது. இரண்டும் மலிவு, இரண்டும் இடத்தை அடைக்காது, அதனால்தான் சிறிய கார்களில் இன்னும் நிலைத்திருக்கின்றன. நான் போட்டது 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளும் அவற்றுக்கு ஏற்ற வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்களும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராமல் போகலாம்.

நான் தினமும் போகும் வழியில் பாலத்திலிருந்து இறங்கும் ஒரு வளைவு உண்டு. உள்ளே போகப் போக இறுகும் வளைவு. பழைய ஸ்பிரிங்கில் அங்கே இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி முதலில் சாயும். சாய்ந்து முடித்த பிறகுதான் திரும்பும். வளைவு இறுகும் இடத்தில் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும், இன்னும் கொஞ்சம் சாயும், என் வலது முழங்கால் கதவில் முட்டுக்கொடுத்து நிற்கும். இப்போது சாய்வதும் திரும்புவதும் ஒரே அசைவாகிவிட்டன. கையைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்புகிறது. இறுகும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கூடுதலாகத் திருப்பினால் போதும். முழங்காலுக்கு வேலையே இல்லை. வேகமாகப் போகிறேன் என்று சொல்லவில்லை. அதே வேகத்தில்தான் போகிறேன். முன்பு அந்த வளைவைக் கடத்திவிட்டால் போதும் என்றிருக்கும். இப்போது அது வரும்வரை காத்திருக்கிறேன்.

இந்த இன்பம் முதல் நாளே கிடைத்துவிடவில்லை, என் கஞ்சத்தனத்தால். “ஷாக் அப்சார்பர் நன்றாகத்தானே இருக்கிறது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் என்ன?” என்று முதல் மூன்று மாதம் ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொண்டேன். மேட்டில் ஏறி இறங்கிய வண்டி அதோடு விடாமல் இன்னும் இரண்டு முறை குதித்துவிட்டுத்தான் அடங்கும். காரணம் கையிலேயே இருந்தது. பழைய ஸ்பிரிங்கின் கம்பியை வெர்னியரால் அளந்தேன்: 12 மில்லிமீட்டர். புதியது 13. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. மற்ற அளவுகள் மாறாதிருந்தாலே அந்த ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 38 விழுக்காடு விறைப்பைக் கூட்டிவிடும். அத்தனை விறைப்பான ஸ்பிரிங் திருப்பி உதைப்பதை அடக்க, அசல் ஷாக் அப்சார்பருக்குத் தெம்பில்லை. அடக்க ஆளில்லாத ஸ்பிரிங் துள்ளத்தான் செய்யும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதைக் கூலியை இரண்டு முறை கொடுத்துக் கற்றேன்.

வீல் அலைன்மென்ட்டிலும் ஒரு அவசரம். ஸ்பிரிங் போட்ட அன்றே பார்த்துவிட்டேன். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சில மில்லிமீட்டர் படியும். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். மறுபடி பார்க்காமல் ஓட்டியதில் முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்து வழுக்கையானது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து உள்விளிம்பைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சொகுசு? குறைந்திருக்கிறது. அம்மா பின்னிருக்கையில் முதல் முறை உட்கார்ந்து வந்தபோது கேட்டார்: “ஏன்பா, வண்டி பழுதாகிவிட்டதா?” மெதுவாகப் போகையில் ஒவ்வொரு ஒட்டும் வெட்டும் உடம்புக்குத் தெரியும். வேகம் கூடியதும் நேர்மாறு: முன்பு மிதந்த வண்டி இப்போது சாலையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அம்மா வருவது மெதுவாகப் போகும் பயணங்களில் என்பதால் அவருடைய தீர்ப்பு இதுவரை மாறவில்லை.

இனி அந்தச் சத்தம்.

ஏழாவது மாதம் ஆரம்பித்தது. மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில், இடது முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு ‘டொக்’. கனமான சத்தம் அல்ல. மூடிய அறைக்குள் யாரோ மேசையை விரல் கணுவால் ஒரு முறை தட்டியதுபோல. வேகமாகப் போனால் வராது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் வராது. கூட யாராவது உட்கார்ந்து “எங்கே, கேட்கவில்லையே” என்று சொல்லும் பயணத்தில் ஒரு தடவைகூட வராது. அவர்களை இறக்கிவிட்டுத் தெருமுனை திரும்பினால் டொக்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் வருகிறது என்றதும் பட்டறையில் ஸ்டெபிலைசர் பாரை (வண்டி சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இணைக்கும் லிங்க் ராடு மேல் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்தில் தவறில்லை. அந்தக் கம்பி இரு பக்கமும் சேர்ந்து அசைந்தால் சும்மா சுழலும். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால்தான் முறுகும். இரண்டு லிங்க் ராடுகளையும் மாற்றினோம். இரண்டு நாள் காது ஏமாந்தது. மூன்றாம் நாள் டொக். அடுத்து ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மவுண்ட்டும் பெயரிங்கும். அதை மாற்ற ஸ்ட்ரட்டையே கழற்ற வேண்டும், பிறகு மறுபடி வீல் அலைன்மென்ட். டொக்.

நான் கவனித்தும் சொல்லாமல் விட்ட ஒரு தடயம் இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து பிரேக்கை அழுத்தினாலும் அதே சத்தம் ஒரு முறை வரும். மூன்றாவது முறை போனபோது பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். உடனே வண்டியை லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்மின், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையின், பின்புறப் புஷ்ஷில் நெம்புகம்பியைக் கொடுத்து அசைத்தார்கள். ரப்பர் பிறைபோல வளைந்து கிழிந்திருந்தது, விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு. பிரேக் பிடிக்கும்போது லோயர் ஆர்ம் பின்னுக்கோ முன்னுக்கோ தள்ளப்பட்டு அந்தக் கிழிசலின் இரண்டு உதடுகளும் மோதிக்கொள்கின்றன. அதுதான் என் டொக். புதுப் புஷ் போட்டார்கள். அமைதி. ஐந்து மாதம் சுகமாகப் போனது. பிறகு அதே இடத்தில், அதே சத்தம்.

கோபத்தில் வேறு பட்டறைக்குப் போனேன். அங்கே தலை நரைத்த ஒரு மெக்கானிக், எதையும் தொடுவதற்கு முன் கேட்டார்.

“தம்பி, போன முறை இந்த போல்ட்டை இறுக்கும்போது வண்டி எங்கே இருந்தது?”

“லிஃப்டில்.”

“சக்கரம்?”

“தொங்கிக்கொண்டிருந்தது.”

அவர் சிரிக்கவில்லை. கழற்றிய பழைய புஷ்ஷை வைஸில் பிடித்தார். நடுவிலுள்ள இரும்புக் குழாயில் ஒரு போல்ட்டை முடுக்கி ஸ்பானரால் திருப்பினார். குழாய் திரும்பியது, ரப்பர் முறுகியது. கையை விட்டார். குழாய் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. “இது உருளும் பெயரிங் இல்லை தம்பி. ரப்பர் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் இதற்கு ஓய்வு நிலை. மற்ற நேரமெல்லாம் முறுகிக்கொண்டுதான் இருக்கும்.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியின் லோயர் ஆர்ம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் நீளம். சக்கரம் தொங்கும் நிலைக்கும் தரையில் நிற்கும் நிலைக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம். அதாவது வண்டி சும்மா நிறுத்தியிருக்கும்போதே அந்த ரப்பர் 17, 18 பாகை முறுகி நிற்கிறது. இரவு முழுவதும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும். அந்த முறுக்கோடுதான் ஒவ்வொரு பள்ளத்தையும் தாங்க வேண்டும். வண்டியைத் தாழ்த்தினால் ஆர்ம் நிற்கும் கோணம் மாறுவதால் முறுக்கு இன்னும் கூடும்.

ஏன் இடது பக்கம் மட்டும் என்ற புதிரும் அன்றே அவிழ்ந்தது. முதன்முதலில் ஸ்பிரிங் மாற்றிய நாளில் இடது ஸ்ட்ரட் வெளியே வர அடம்பிடித்ததால், அந்தப் பக்கத்து லோயர் ஆர்ம் போல்ட்டை மட்டும் தளர்த்தியிருந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப இறுக்கியதையும் பார்த்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்ததைப் பார்த்து, ஆகா, எவ்வளவு ஒழுங்கான பட்டறை என்று மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

புதியவர் செய்தது எளிய வேலை. புதுப் புஷ்ஷைப் பொருத்தி போல்ட்டைக் கையால் முடுக்கிவிட்டு, வண்டியைச் சாய்மேடையில் ஏற்றி, நான்கு சக்கரமும் பாரம் தாங்கும்படி நிறுத்தினார். முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் நாலைந்து முறை அமுக்கி விட்டார். பிறகு அடியில் படுத்து இறுக்கினார். வலது பக்க போல்ட்டையும் தளர்த்தி அதே போல இறுக்கினார், அந்தப் பக்கத்து ரப்பரும் இன்னும் பழைய உயரத்தையே தன் ஓய்வு நிலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் என்பதால். இதற்காக நான் இரண்டு லிங்க் ராடு, இரண்டு மவுண்ட், இரண்டு பெயரிங், ஒரு புஷ், கணக்கில் வராத இரவுத் தூக்கம் எல்லாவற்றையும் செலவழித்திருக்கிறேன்.

இந்தக் குற்றம் ஸ்பிரிங்கின் தலையில் விழக்கூடாது, தெரியும். ஸ்பிரிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் அதைப் போடாதிருந்தால் அந்த போல்ட்டை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதானே? தொழிற்சாலை ஒரு முறை இறுக்கிவிட்ட வண்டியில் கை வைத்தால், வைத்த கை எல்லாவற்றுக்கும் பொறுப்பாகிவிடுகிறது.

நண்பனே, நீ எப்படியும் செய்யத்தான் போகிறாய் என்றால், 30 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தாதே. மேக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியை அதிகம் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சரிந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைப் பற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியைவிட வேகமாகக் கீழே போய்விடும். விறைப்பான ஸ்பிரிங் கொடுத்த பலனில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைப் புதிதாகப் போடு. போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறார்கள் என்று தரையில் குனிந்து உன் கண்ணால் பார். அதற்கும் முன்னால் டயரைப் பார். தேய்ந்த டயரோடு இத்தனையும் செய்வது வீண்.

ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். இன்றைக்கு அதுதான் வாயில் வருகிறது.

பழைய ஸ்பிரிங்குகள் நான்கும் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் இருக்கின்றன. புஷ் இரண்டாம் முறை கிழிந்தபோது, போதும் என்று அவற்றை இறக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினேன். வழியில் அந்தப் பாலத்து வளைவு வந்தது. புஷ்ஷை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்குகளைத் திரும்பக் கொண்டுவந்து பரணில் ஏற்றிவிட்டேன்.