டன்பர் பள்ளியின் மூன்றாவது கட்டடம்

வாஷிங்டன் நகரின் பால் லாரன்ஸ் டன்பர் உயர்நிலைப் பள்ளிக்கு 2013-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்துக்குச் சுமார் 12 கோடியே 20 லட்சம் டாலர் செலவாயிற்று. அந்தப் பணம் வீண்போகவில்லை என்பதே என் மதிப்பீடு. ஆனால் அதைச் சொல்ல, இடிக்கப்பட்ட இரண்டு கட்டடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

1870-இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய இப்பள்ளி, 1891-இல் ‘எம்’ (M) என்ற தெருவுக்கும் 1916-இல் கவிஞர் டன்பரின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கும் இடம் மாறியது. நிறவேற்றுமையால் பல்கலைக்கழகங்களில் வேலை கிடைக்காத பெரும் படிப்பாளிகள் இங்கே பாடம் நடத்தினார்கள். ரத்தச் சேமிப்பு முறைக்கு வழிகாட்டிய மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூவும், செனட்டர் எட்வர்ட் புரூக்கும் இந்தப் பள்ளியில் படித்தவர்களே.

அந்த 1916-ஆம் ஆண்டுக் கட்டடத்தை, முன்னாள் மாணவர்களின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், 1977-இல் இடித்தார்கள். அதற்கு ஈடாக வந்தது, அன்றைய கல்வி நாகரிகத்தின்படி வகுப்புகளுக்கு இடையே சுவர் எழுப்பாத கான்கிரீட் கோபுரம். பக்கத்து வகுப்பின் கணக்கு இந்த வகுப்பின் கவிதைக்குள் புகுந்தால் பாடம் எப்படி நடக்கும்? அதுவும் நாற்பது ஆண்டுகள் தாங்கவில்லை.

டன்பர் பெயர் தாங்கிய இந்த மூன்றாவது கட்டடத்தின் வடிவமைப்பாளர்கள், முதல் கட்டடத்தோடு இழந்ததை மீட்டிருக்கிறார்கள். 1916-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் மாணவர் படை அணிவகுத்த ‘ஆர்மரி’ கூடத்தை நினைவூட்டும்படி, பகல் வெளிச்சம் நிறைந்த உயரமான நடுக்கூடம் ஒன்றை அமைத்து, அதற்கும் அதே பெயரை இட்டிருக்கிறார்கள். கூரையில் சூரிய மின்தகடுகளும், நிலத்தடி வெப்பநிலையைப் பயன்படுத்திக் கட்டடத்தைக் குளிர்விக்கும் ஆழ்குழாய்களும் உண்டு. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தரச்சான்றில் பிளாட்டினம் நிலையையும் இது பெற்றுள்ளது.

ஒரு குறை மட்டும் என் மனத்தில் நிற்கிறது. புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் பெயர்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, அப்பெயர்கள் சுவரில் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. எனினும், அவற்றுக்கிடையே பெயர் பொறிக்காத சில தகடுகளையும் இனி படித்து வெளியேறப்போகிறவர்களுக்காக வெறுமையாக விட்டிருப்பதைப் பார்க்கும்போது, தரையைத் தேர்ந்தெடுத்த காரணம் ஓரளவு விளங்குகிறது. வகுப்புக்கு விரையும் பிள்ளை தலைகுனிந்து நடந்தாலும் அந்த வெற்றிடம் கண்ணில் படும்.