தலக்கோனா அருவி பேக்கேஜ்: குழந்தைகளோடு கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை என்றால் வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒருநாள் அருவி டூர் விளம்பரங்கள் வரிசையாக வரும். "தேசியப் பூங்காவுக்குள் நேச்சுரல் ஸ்விம்மிங் பூல், ஃபேமிலி ஸ்பெஷல், லைஃப் ஜாக்கெட் உண்டு, ஃபாரஸ்ட் பர்மிஷன் எங்கள் பொறுப்பு" என்று போட்டிருந்தால் தயவுசெய்து முன்பணம் அனுப்பாதீர்கள். டிசம்பர் விடுமுறையில் அப்படி ஒரு டூரில் போய்வந்தோம். எங்களிடம் சொன்ன எதுவும் உண்மை இல்லை. பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். எங்களோடு வந்த ஒரு சின்னப் பையன் தண்ணீரிலிருந்து உயிரோடு வெளியே வந்தது அவன் சித்தப்பா பக்கத்தில் நின்றதால் மட்டும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலக்கோனாமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆந்திராவிலேயே உயரமான அருவி அது, 270 அடி. திருப்பதியைத் தாண்டி, பாக்கராப்பேட்டை வழியாகப் போனால் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1989இல் தேசியப் பூங்கா ஆன காடு, 353 சதுர கிலோமீட்டர் பரப்பு. அருவிக்குக் கீழே சித்தேஸ்வரர் கோயில், வழியெல்லாம் குரங்குகள், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் நல்ல தண்ணீர். சென்னைக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது பெரிய விஷயம். அந்த ஆசையை வைத்துத்தான் இவர்கள் சம்பாதிக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்த படத்தில், பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடி மாதிரி தண்ணீர், படிப்படியாக இறங்கும் அருவி, நடுவில் ஒரு அப்பாவும் பெண்ணும் நீந்துகிறார்கள். என் பெண் அதைப் பார்த்துவிட்டு விடவே இல்லை. அந்தப் படம் தாய்லாந்தில் காஞ்சனபுரி பக்கத்தில் இருக்கும் ஏரவான் தேசியப் பூங்காவுடையது என்று பிற்பாடு கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. ஏழு அடுக்காக இறங்கும் அருவி அது, மரகதக் குளங்களுக்குப் பேர் போனது. தலக்கோனாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

பெரியவர்களுக்கு 2,200 ரூபாய், பிள்ளைகளுக்கு 1,600. இதில் வண்டி, நுழைவுக் கட்டணம், வனத்துறை அனுமதி, வழிகாட்டி, காலை, மதியச் சாப்பாடு, லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரிந்த இரண்டு காவலர்கள் எல்லாம் அடக்கம் என்றார் டூர் ஏற்பாட்டாளர். முழுப் பணத்தையும் முதலிலேயே ஜிபேயில் அனுப்பச் சொன்னார். கம்பெனிக் கணக்கு இல்லை, ஒரு தனிநபர் எண்.

என் வீட்டுக்காரர் விவரமாகக் கேட்டார். "அனுமதி எடுத்தாச்சா? ஏதாவது ஆதாரம் இருக்கா?" உடனே ஒரு கடிதத்தின் படம் வந்தது. மேலே தெலுங்கில் எழுத்து, கீழே வட்ட முத்திரை, கையெழுத்து, தேதி. "இதுதான் அண்ணா பர்மிஷன் லெட்டர், ஒவ்வொரு டிரிப்புக்கும் எடுத்துடுவோம்" என்றார். இந்தக் கடிதத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த ஏமாற்று வேலையும் இதில்தான் இருக்கிறது.

விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டில் நிற்கச் சொன்னார்கள். ஏசி டெம்போ டிராவலர் என்று சொன்ன வண்டி ஐந்தரைக்கு வந்தது. ஏசி ஓடவில்லை. எங்கள் குழுவோடு இன்னொரு குழுவையும் சேர்த்து ஏற்றினார்கள். என் மாமியாருக்கு முழங்கால் மடக்க முடியாது, முன் இருக்கை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் இல்லை. திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. காலைச் சாப்பாடு வழியில் ஒரு கடையில், நம் காசில். மதியச் சாப்பாடு காலையிலேயே கட்டிவைத்த புளிசாதப் பொட்டலம். சரி, இதெல்லாம் எந்த டூரிலும் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம்.

பூங்கா வாசலில் நுழைவுச்சீட்டுக்கும் வண்டிக்கும் தனியாகப் பணம் கேட்டார். பேக்கேஜில் இருக்கிறதே என்றதற்கு, "அது பர்மிஷன் அக்கா, இது டிக்கெட்" என்றார். நாங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று பேச்சை மாற்றினார். இன்றைக்கு அருவியில் கூட்டம் அதிகமாம், பிள்ளைகளை இறக்க முடியாதாம், அதனால் யாருக்கும் தெரியாத ஒரு மடுவுக்குக் கூட்டிப் போகிறாராம், படத்தில் பார்த்த இடம் அதுதானாம். வண்டியைத் திருப்பி, வந்த வழியில் கொஞ்சம் போய், மாந்தோப்பு ஓரமாக ஒரு மண்பாதையில் விட்டார்கள். அங்கிருந்து நடை. "அரை மணி நேரம்" என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்லிலும் முள்ளிலும் நடந்தோம். மாமியாரை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. வழிகாட்டி என்று சொன்ன பையன் இரண்டு இடத்தில் வழி தெரியாமல் நின்று யாருக்கோ போன் செய்தான், சிக்னல் இல்லை.

போய்ச் சேர்ந்த இடம் பாறை நடுவில் ஒரு மடு. மேலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் விழுகிறது. அடி தெரியாத கரும்பச்சை நிறம். சுற்றிலும் பாசி பிடித்த பாறை. முப்பது பேருக்கு மேல் இருந்தோம், வந்த லைஃப் ஜாக்கெட் இரண்டு. இரண்டும் பெரியவர்கள் அளவு, ஒன்றில் பக்கிள் உடைந்திருந்தது. நீச்சல் காவலர்கள் எங்கே என்று கேட்டதற்கு, ஓட்டுநரையும் அந்த வழிகாட்டிப் பையனையும் காட்டினார். ஓட்டுநர் வண்டியில் இருந்தார்.

நான் என் பிள்ளைகளை ஓரத்தில் கால் நனைக்க மட்டும்தான் விட்டேன். அங்கே நின்ற பெற்றோரில் பலரும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஏற்பாட்டாளரின் ஆள், "பயப்படாதீங்க, இடுப்பளவுதான்" என்று சொல்லிச் சின்னப் பையன்களைப் பாறையிலிருந்து குதிக்கச் சொன்னான். வீடியோ எடுப்பதற்காக. அடுத்த விளம்பரத்துக்குப் படம் வேண்டுமே. அவன் சொன்னதைக் கேட்டு அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன், பத்து வயது இருக்கும், குதித்துவிட்டான்.

அவன் மேலே வரவில்லை. வந்தபோது தண்ணீர் விழுகிற இடத்துக்கு அடியில் இருந்தான். இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அதில் பாதி காற்று. அந்த நுரை உடம்பைத் தாங்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட அதில் மிதக்க முடியாமல் உள்ளே போவார். விழுகிற தண்ணீர் கீழே இறங்கி, சுழன்று, மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். சென்னையில் கிளப் நீச்சல் குளத்தில் மெடல் வாங்கிய பிள்ளைக்கும் இது பழக்கமில்லாத தண்ணீர். அந்தப் பையனின் சித்தப்பா அப்படியே பாய்ந்தார். இன்னொருவர் வேட்டியை அவிழ்த்து வீச, அதைப் பிடித்து இரண்டு பேரையும் இழுத்தோம். பையனுக்குப் புருவத்தில் வெட்டு, நிறையத் தண்ணீர் குடித்திருந்தான். அவன் அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதலுதவிப் பெட்டி? கிடையாது. ஒரு துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம்.

சத்தம் கேட்டோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் வனத்துறை ஊழியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அனுமதி எங்கே என்று கேட்டார்கள். ஏற்பாட்டாளரைத் தேடினால் ஆளைக் காணோம், வண்டிக்குப் போய்விட்டாராம். என் வீட்டுக்காரர் போனில் இருந்த அந்தக் கடிதத்தைக் காட்டினார். ஊழியர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் பொறுமையாக விளக்கினார். அது அனுமதிக் கடிதமே இல்லை. அனுமதி கேட்டு யாரோ கொடுத்த விண்ணப்பம். கீழே இருந்த முத்திரையில் "பெறப்பட்டது" என்று மட்டும்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு தாளைக் கொடுத்து அந்த முத்திரையை வாங்கிவிடலாம். தெலுங்கு படிக்கத் தெரியாதவர்களிடம் அதைப் படம் எடுத்துக் காட்டிப் பணம் பண்ணியிருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய ஆபத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிலும் இது செம்மரக் காடு. செம்மரக் கடத்தலைத் தடுக்கத் தனிப்படையே வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் இதே சேஷாசலம் மலையில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட காட்டில், தமிழ்நாட்டு நம்பர் வண்டியை மண்பாதையில் நிறுத்திவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் அனுமதியில்லாமல் உள்ளே நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

அந்த ஊழியர்கள் மனிதர்கள். பையனின் காயத்தைப் பார்த்துவிட்டு, பெயர், வண்டி எண் எல்லாம் எழுதிக்கொண்டு, வேறு நேர்வழியில் எங்களைச் சாலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள்மேல் வழக்குப் போடவில்லை. அதற்குள் ஏற்பாட்டாளரின் ஆள் அவர்களிடம், "இவங்கதான் சார் பிடிவாதம் பிடிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் பையனுக்குத் திருப்பதியில் தையல் போட்டார்கள். தலக்கோனா அருவியைப் பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நான்-ரீஃபண்டபிள், பணம் திரும்பத் தர முடியாதுன்னு முன்னாடியே போட்டிருக்கோம் மேடம்" என்று பதில் வந்தது. அடுத்த நாள் எங்களை எல்லாம் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கிவிட்டு எண்ணைப் பிளாக் செய்துவிட்டார். பிறகு விளம்பரம் போட்ட அந்தப் பக்கத்தின் பெயரே மாறிவிட்டது.

இனிமேல் யாராவது இப்படிக் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் பட்டதை வைத்துச் சொல்கிறேன். அனுமதிக் கடிதம் என்று எதைக் காட்டினாலும் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சென்னையில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் இல்லாத தெரு இல்லை. அதில் தேதி, நபர்களின் எண்ணிக்கை, போகும் இடம், அனுமதித்த அதிகாரியின் பதவி இருக்க வேண்டும். நாகலாபுரம், தடா அருவிகளுக்குக் கூட்டிப் போகிறோம் என்பவர்களிடமும் இதையே கேளுங்கள், அவையும் ஆந்திர வனப்பகுதிதான். விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எத்தனை, பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கேட்டு, புறப்படும் இடத்திலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாசலைத் தாண்டி வேறு "ரகசிய" இடம் என்று பேச்சு வந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். குளிக்கிற இடத்தில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, சத்தம் கூடினாலோ அந்த நொடியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். மேலே மலையில் மழை பெய்திருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் ஒரு பதினேழு வயதுப் பையன் போனான்.

தமிழ்நாட்டுக்குள் காட்டு நடை போக விரும்புகிறவர்களுக்கு அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு "டிரெக் தமிழ்நாடு" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அங்கே நேரடியாகப் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் வருவார்கள். நடுவில் யாருக்கும் ஜிபே செய்ய வேண்டியதில்லை. தலக்கோனாவுக்கும் தனியார் பேக்கேஜ் தேவையே இல்லை. சொந்த வண்டியிலோ, திருப்பதி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து வண்டி வைத்தோ போய், வாசலில் சீட்டு வாங்கி, அவர்கள் விடுகிற இடத்தில் விடுகிற நேரத்தில் குளித்துவிட்டு வரலாம்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஏற்பாட்டாளர் எங்கே இருக்கிறார் என்று தேடி அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். "நான்-ரீஃபண்டபிள்" என்று ஒரு வரி எழுதிவைத்தால் சொன்ன சேவையைத் தராமல் தப்பிவிடலாம் என்று யாரும் உங்களை நம்பவைக்க விடாதீர்கள். நாங்களும் அம்பத்தூர்க் குடும்பமும் இன்னும் சிலரும் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறோம். பணம் அனுப்பிய ரசீது, சாட், அந்தத் தெலுங்குக் கடிதம், தையல் போட்ட சீட்டு எல்லாம் வைத்திருக்கிறோம்.

இப்போது கோடை விடுமுறைக்கு அதே ஏரவான் படத்தோடு, வேறு பெயரில், அதே வாசகங்களோடு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் தலக்கோனாவில் தண்ணீரே ஒழுகல்தான். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சாட்டை அழிக்காதீர்கள். அவர் உங்களைக் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.