ஆர்எக்ஸ்டேட்டாசோர்சஸ்: ஸ்ட்ரீமைப் பிரிவுகளாக மாற்றித் தரும் லைப்ரரி, ஒரு மதிப்பீடு

ஐபோன் செயலியில் ஒரு பட்டியலைத் தேதிவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தரவு ஒரே தடவையில் வந்து நிற்காது. சர்வரிலிருந்தும் உள்ளூர் சேமிப்பிலிருந்தும் தேடல் பெட்டியிலிருந்தும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இப்படி வந்துகொண்டே இருக்கும் தரவை ஸ்ட்ரீமாகக் கையாள உதவும் லைப்ரரி ஆர்எக்ஸ்ஸ்விஃப்ட். அதோடு கிடைக்கும் ஆர்எக்ஸ்கோகோவா, பிரிவில்லாத தட்டைப் பட்டியலை ஐபோனின் பட்டியல் வியூவான டேபிள்வியூவில் கட்டி (பைண்ட் செய்து) தரும், அதோடு சரி. தலைப்புள்ள பிரிவுகளும், வரிசைகள் நுழைவதும் விலகுவதும் அசைவோடு தெரிவதும் வேண்டுமென்றால், பெரும்பாலானவர்கள் கை வைப்பது ஆர்எக்ஸ்டேட்டாசோர்சஸில்தான். எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் இலவச லைப்ரரி இது. 5.0 வரிசை ஆர்எக்ஸ்ஸ்விஃப்ட் 6-க்கானது. ஆர்எக்ஸ்ஸ்விஃப்ட் 5-லேயே நிற்கும் பழைய திட்டம் என்றால் 4.0-ஐ எடுக்க வேண்டும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திட்டம் ஏற்கெனவே ஆர்எக்ஸ்ஸ்விஃப்ட்டிலும், ஆப்பிளின் பழைய திரைக் கருவியான யூஐகிட்டிலும் ஓடுகிறது என்றால் இதைத் தயங்காமல் சேர்க்கலாம். இதற்காகவே ஆர்எக்ஸ்ஸ்விஃப்ட்டைப் புதிதாகக் கொண்டுவர வேண்டாம். ஆப்பிளின் புதிய திரைக் கருவியான ஸ்விஃப்ட்யூஐ-யில் எழுதும் திரைக்கு இதனால் பயனில்லை.

உள்ளே இரண்டு பகுதிகள் இருக்கின்றன. டிஃபரன்ஷியேட்டர் என்ற பகுதி பழைய பிரிவுகளையும் புதிய பிரிவுகளையும் ஒப்பிட்டு, எது நுழைந்தது, எது போனது, எது இடம் மாறியது, எதன் உள்ளடக்கம் மாறியது என்று கணக்கிடும். மற்றப் பகுதி அந்தக் கணக்கை டேபிள்வியூவுக்கும் கலெக்‌ஷன்வியூவுக்கும் எடுத்துச் செல்லும். பட்டியலுக்கு வரிசைகளைக் கொடுக்கும் டேட்டாசோர்ஸ் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ரீலோட் வகை ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் புதிதாக வரையும். அனிமேட்டட் வகை மாறியதை மட்டும் அசைக்கும். இந்த மதிப்பீடு முழுக்க அனிமேட்டட் வகையைப் பற்றியது. ரீலோட் வகையில் தவறு செய்யவே இடம் குறைவு.

லைப்ரரியின் உண்மையான பலம் அது கேட்கும் இரண்டு தனித்தனிக் கேள்விகளில் இருக்கிறது. இது அதே பொருள்தானா? அதற்கு விடை ஐடென்டிஃபையபிள்டைப் என்ற வரையறை வழியாக வரும் ஐடி. அதே பொருள் என்றால், உள்ளடக்கம் மாறியிருக்கிறதா? அதற்கு விடை, இரண்டும் சமமா என்று பார்க்கும் ஈக்வட்டபிள். ஐடி புதிதாக இருந்தால் வரிசை நுழையும். ஐடி அதுவே, சமன் மட்டும் இல்லை என்றால் அந்த வரிசை ரீலோட் ஆகும். இரண்டும் பொருந்தினால் யாரும் தொட மாட்டார்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

ஒரு செலவுக் கணக்குச் செயலியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு செலவுக்கும் ஐடி, தொகை, கடை, நேரம். திரையில் நாள்வாரியாகப் பிரிவு, மேலே தேடல் பெட்டி.

பிரிவுக்கான ஸ்ட்ரக்டில் (தரவு வடிவத்தில்) இரண்டே புலங்கள் போதும்: நாளின் தொடக்க நேரம், அந்த நாளின் செலவுகள். நாளின் தொடக்கமே பிரிவின் ஐடி. “இன்று”, “நேற்று” என்ற எழுத்தை ஐடியாக வைக்காதீர்கள். நள்ளிரவு தாண்டியதும் பிரிவுகளின் அடையாளமே மாறி, பட்டியல் முழுக்கக் குலுங்கும். அனிமேட்டபிள்செக்‌ஷன்மாடல்டைப் என்ற பிரிவு வரையறை கேட்கும் இனிஷியலைசர் (புதிதாக உருவாக்கும் ஃபங்ஷன்) ஒன்று உண்டு: பழைய பிரிவையும் புதிய உருப்படிகளையும் வாங்கிப் புதுப் பிரிவைத் தர வேண்டும். பழைய பிரிவை அப்படியே செல்ஃபுக்கு ஒதுக்கிவிட்டு, உருப்படிகளை மட்டும் மாற்றுவதுதான் பாதுகாப்பு. புலம் புலமாக எழுதினால், பின்னால் யாராவது ஒரு புலம் சேர்க்கும்போது இங்கே சேர்க்க மறப்பார்கள். ஐடி மாறிப்போனால், இனிஷியலைசர் தவறு என்று டிஃபரன்ஷியேட்டரே பிழை எறியும்.

அடுத்தது மாற்றும் ஃபங்ஷன். செலவுகள், தேடல் சொல், இன்றைய நேரம், காலண்டர் ஆகிய நான்கையும் வாங்கிப் பிரிவுகளின் பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். முதலில் தேடல் சொல்லால் வடிகட்டுங்கள், பிறகு பிரியுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் தலைப்பு மட்டும் உள்ள வெற்றுப் பிரிவுகள் மிஞ்சும். ஸ்விஃப்ட்டின் டிக்‌ஷனரியில் குரூப்பிங் செய்தால் நாட்களின் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது; கட்டாயம் நாள்வாரியாக அடுக்க வேண்டும். ஒரே நொடியில் இரண்டு செலவு பதிவாகியிருந்தால் ஐடியை இரண்டாவது அளவுகோலாக வையுங்கள். இல்லையென்றால் சர்வர் அனுப்பும் வரிசை மாறும்போதெல்லாம் அந்த இரண்டும் இடம் மாறி ஆடிக்கொண்டிருக்கும்.

நாளைக் கணக்கிடும்போது சர்வர் தந்த எழுத்திலிருந்து முதல் 10 எழுத்தை வெட்டி எடுப்பது பலர் செய்யும் குறுக்குவழி. யூடிசி (உலகப் பொது) நேரத்தில் மார்ச் 10 இரவு 8.15 என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மார்ச் 11 அதிகாலை 1.45. வெட்டி எடுத்தால் செலவு முந்தைய நாளில் போய் உட்காரும். அதிகாலை 5.30-க்கு முன் நடக்கும் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பகலில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. காலண்டரின் ஸ்டார்ட்ஆஃப்டே வழியாகவே போங்கள்.

இனி ஸ்ட்ரீம்களை இணைப்பது. செலவு ஸ்ட்ரீம், தேடல் ஸ்ட்ரீம், நாள் மாறியதைச் சொல்லும் ஸ்ட்ரீம் மூன்றையும், அவற்றின் கடைசி மதிப்புகளை ஒன்றாகத் தரும் கம்பைன்லேட்டஸ்ட்டில் சேர்க்க வேண்டும். மூன்றும் ஆளுக்கு ஒரு மதிப்பாவது தரும்வரை கம்பைன்லேட்டஸ்ட் வாயே திறக்காது. தரவு வந்துவிட்டது, திரை மட்டும் காலி என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நாள் மாற்றத்துக்கு ஐஓஎஸ் தரும் சிக்னிஃபிகன்ட்டைம்சேஞ்ச் அறிவிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் அது தொடக்கத்தில் எதுவும் தராது, அதனால் முதல் மதிப்பை நாமே தரும் ஸ்டார்ட்வித் கட்டாயம். தேடலுக்கு, தட்டச்சு ஓயும்வரை காத்திருக்கும் 300 மில்லிநொடி டீபவுன்ஸும், அதே சொல் மறுபடி வந்தால் விடாத டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்டும் போதும். அதையும் வெற்றுச் சொல்லோடு, டீபவுன்ஸுக்குப் பிறகு ஸ்டார்ட்வித் போட்டுத் தொடங்குங்கள். அப்போதுதான் முதல் திரை அந்த 300 மில்லிநொடிக்காகக் காத்திருக்காது.

பிழையைக் கையாளும் இடம் முக்கியம். டேபிள்வியூவில் கட்டிய ஸ்ட்ரீமில் பிழை வந்தால் டீபக் பில்டில் (உருவாக்கும்போது ஓட்டும் பதிப்பில்) செயலி விழுந்துவிடும். அதைத் தவிர்க்க, கடைசியில் பிழையே தராத ஸ்ட்ரீம் வகையான டிரைவராக மாற்றி, பிழை வந்தால் வெற்றுப் பட்டியல் தா என்று எழுதுவார்கள். செயலி விழாது, உண்மைதான். ஆனால் வெற்றுப் பட்டியலைத் தந்ததோடு ஸ்ட்ரீமும் முடிந்துவிடும். அதன்பின் பயனர் எத்தனை தடவை கீழே இழுத்து ரீஃப்ரெஷ் செய்தாலும் எதுவும் நடக்காது. பிழையைப் பிடிக்க வேண்டியது, ஒவ்வொரு ரீஃப்ரெஷுக்கும் புது அழைப்பைத் தொடங்கும் ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட்டுக்கு உள்ளே, நெட்வொர்க் அழைப்பின் மேலேயே. வெளி ஸ்ட்ரீம் ஒருபோதும் சாகக் கூடாது.

டேட்டாசோர்ஸை டேபிள்வியூவோடு கட்டிய பிறகு, செல்லை (ஒரு வரிசையின் வியூவை) அமைக்கும் அதன் கான்ஃபிகர்செல்லையோ தலைப்பைத் தரும் குளோஷரையோ (கொடுத்து வைக்கும் கோட் துண்டையோ) மாற்ற முயன்றால் டீபக் பில்டில் லைப்ரரியே நிறுத்திவிடும். எல்லாவற்றையும் அமைத்த பிறகே கட்ட வேண்டும். ஸ்டோரிபோர்டில் டேட்டாசோர்ஸ் அவுட்லெட்டை இழுத்து விட்டிருந்தால் அதுவும் நிறுத்தும். குளோஷருக்குள் செல்ஃபைத் தொட்டால் வீக்காகப் பிடியுங்கள். செல்லுக்குள் பட்டனுக்கு சப்ஸ்கிரைப் செய்தால், செல் மறுபயன்பாட்டுக்குத் தயாராகும் பிரிப்பேர்ஃபார்ரீயூஸில், சப்ஸ்கிரிப்ஷன்களை வைத்திருக்கும் டிஸ்போஸ்பேக்கைப் புதிதாக்குங்கள். இல்லையென்றால் ஒரு தட்டலுக்கு மூன்று செலவு அழியும்.

இப்போது கவனம் அதிகம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம்: இரட்டை ஐடி. ஐடி ஒரு பிரிவுக்குள் தனித்துவமாக இருந்தால் போதாது, எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துத் தனித்துவமாக இருக்க வேண்டும். மேலே “முக்கியமானவை” என்று ஒரு பிரிவு வைத்து, அதே செலவைக் கீழே அதன் தேதியிலும் காட்டினால் ஐடி இரண்டு இடத்தில் வந்துவிடும். இதில் பொறி என்னவென்றால், முதல் லோடு ஒழுங்காகத்தான் தெரியும். முதல் தடவை ஒப்பிட எதுவும் இல்லாததால் லைப்ரரி நேராக ரீலோட் செய்துவிடுகிறது. இரண்டாவது புதுப்பிப்பில்தான் ஒப்பீடு நடக்கும், அப்போதுதான் பிழை வெளிப்படும். டீபக் பில்டில் கிராஷ் ஆகும். ரிலீஸ் பில்டில் கன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டு, சத்தமில்லாமல் முழுப் பட்டியலையும் ரீலோட் செய்துவிடும். சோதனைக் குழு ரிலீஸ் பில்டை மட்டும் பார்த்தால் “அசைவு சில நேரம் வரவில்லை” என்று சொல்வார்களே தவிர காரணம் பிடிபடாது. தீர்வு எளிது: பிரிவின் பெயரை ஐடியோடு சேருங்கள், “முக்கியம்-42”, “நாள்-42” என்று.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தரவைப் பிரிவுகளாக மாற்றும் மேப்புக்குள்ளேயே புதிய யூயூஐடி (தற்செயலாக உருவாகும் தனி அடையாளம்) உருவாக்கி ஐடியாக வைப்பது. ஒவ்வொரு மதிப்பு வரும்போதும் எல்லா வரிசையும் போய், எல்லாம் புதிதாக நுழையும்; ஸ்க்ரோல் நிலை எகிறும். ஐடி தரவோடு பிறக்க வேண்டும், மாற்றும் இடத்தில் பிறக்கக் கூடாது.

தலைப்புதான் இந்த லைப்ரரியின் பெரிய குறை. உருப்படிகளுக்கு நுழைவு, நீக்கம், இடமாற்றம், ரீலோட் நான்கும் உண்டு. பிரிவுகளுக்கு முதல் மூன்று மட்டுமே. நாளின் மொத்தச் செலவைத் தலைப்பில் காட்டுகிறீர்கள், புதிதாக ரூ.120 சேர்கிறது என்று வையுங்கள். வரிசை அழகாக நுழையும். தலைப்பில் பழைய தொகையே நிற்கும். மேலே போய்விட்டுத் திரும்ப வந்தால் சரியாகிவிடும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நள்ளிரவில் “இன்று” என்பது “நேற்று” ஆக மாறாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். தொகையை ஐடிக்குள் சேர்ப்பது ஒரு வழிபோலத் தோன்றும்; அது பிரிவையே நீக்கி மறுபடி நுழைக்கும், பார்க்கச் சகிக்காது. சரியான வழிகள் இரண்டு. தலைப்பையே பிரிவின் முதல் உருப்படியாக வைத்துவிடலாம். உருப்படிக்கு ரீலோட் இருக்கிறதே. ஆனால் அப்படிச் செய்தால் ஸ்க்ரோல் செய்யும்போது தலைப்பு மேலே ஒட்டி நிற்காது. ஒட்டி நிற்க வேண்டும் என்றால், புதிய பிரிவுகள் வந்ததும் திரையில் தெரியும் தலைப்பு வியூக்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்தை நீங்களே மாற்றுங்கள். இரண்டாவது வழியைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

ரீலோட் இருப்பதே தொல்லையாகும் இடமும் ஒன்று உண்டு. செல்லுக்குள் குறிப்பு எழுத டெக்ஸ்ட்ஃபீல்டு இருந்து, ஒவ்வொரு எழுத்தும் மாடலுக்குப் போனால், சமன் முறிந்து வரிசை ரீலோட் ஆகி, கீபோர்டு கீழே இறங்கிவிடும். ஈக்வட்டபிளை நீங்களே எழுதி, தட்டச்சாகும் புலத்தை மட்டும் ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள்.

நுழைவு, ரீலோட், நீக்கம் என்ற மூன்று அசைவுக்கும் இயல்பு மதிப்பு ஆட்டோமேட்டிக். ரீலோடை மட்டும் ‘நன்’ (அசைவு வேண்டாம்) என்று மாற்றினால் மினுங்கல் குறையும். பட்டியல் பெரிதாக மாறும் தருணங்களுக்கு டிசைட்வியூட்ரான்சிஷன் என்ற குளோஷர் இருக்கிறது. மாற்றங்களைப் பார்த்து அசைக்கலாமா, ரீலோட் செய்யலாமா என்று நீங்கள் முடிவு சொல்லலாம். டேபிள்வியூ திரையில் இல்லாதபோது லைப்ரரி தானாகவே ரீலோடுக்கு மாறிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு.

வேகத்தைப் பொறுத்தவரை, ஒப்பீடு உருப்படிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில்தான் நேரம் எடுக்கும். ஆனால் அது திரையை வரையும் மெயின் த்ரெட்டில் நடக்கிறது. வடிகட்டுவதையும் பிரிப்பதையும் நீங்கள் பின்னணி ஷெட்யூலருக்கு அனுப்பலாம், ஒப்பீட்டை அனுப்ப முடியாது. பல்லாயிரம் வரிசை கொண்ட பட்டியலில், அதுவும் ஈக்வட்டபிள் கனமாக இருந்தால், ஸ்க்ரோல் தடுக்கும். பக்கம் பக்கமாக ஏற்றுங்கள்.

2019-இல் ஐஓஎஸ் 13-உடன் ஆப்பிள் தந்த டிஃபபிள் டேட்டாசோர்ஸ் இந்த இடத்தில் முன்னால் நிற்கிறது. எப்போதும் ஒரே பின்னணி க்யூவிலிருந்து அழைப்பதாக இருந்தால் ஒப்பீட்டை அங்கேயே நடத்தலாம். வெளி லைப்ரரியும் தேவையில்லை. ஆனால் அதற்கு, அடையாளத்தையும் சமனையும் சேர்த்தே பார்க்கும் ஹேஷபிள் என்ற ஒரே அளவுகோல்தான். முழு ஸ்ட்ரக்டையும் கொடுத்தால் தொகை மாறியதும் பழைய வரிசை போய்ப் புதியது நுழையும். ஐடியை மட்டும் கொடுத்தால் தொகை மாறியது அதற்குத் தெரியாது. எவை மாறின என்று நீங்களே கணக்கிட்டு, ஐஓஎஸ் 15-இல் வந்த ரீகான்ஃபிகர்ஐட்டம்ஸை அழைக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆர்எக்ஸ்டேட்டாசோர்சஸ் தானே செய்கிறது. சர்வரிலிருந்து அடிக்கடி சின்னச் சின்ன மாற்றம் வரும் திரைக்கு இது பெரிய நிம்மதி.

பின்னாளில் ஆப்பிளின் வழிக்கு மாறும் எண்ணம் இருந்தால், மாற்றும் ஃபங்ஷனுக்குள் ஆர்எக்ஸ் வாசனையே படாமல் வையுங்கள். தற்போதைய நேரத்தையும் உள்ளே அழைக்காமல் வெளியிலிருந்தே கொடுங்கள். அப்போது அதிகாலை 1.45 செலவு, இரட்டை ஐடி, வெற்றுத் தேடல் எல்லாவற்றையும் திரையே இல்லாமல் யூனிட் டெஸ்டில் பிடித்துவிடலாம். மாறும் நாளில் கைவைக்க வேண்டியது கடைசிக் கட்டும் வரியும் செல்லை அமைக்கும் குளோஷரும் மட்டுமே.