மசக்கை வாந்திக்கு டாக்ஸிலமின்–பைரிடாக்ஸின் மாத்திரை: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மசக்கையில் வாந்தியும் குமட்டலும் தாங்க முடியாமல் போகும்போது மகப்பேறு மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் டாக்ஸிலமின் 10 மி.கி., பைரிடாக்ஸின் 10 மி.கி. சேர்ந்த மாத்திரையைத்தான். டாக்சினேட் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். வேறு பல பெயர்களிலும் மருந்துக் கடைகளில் இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு உண்டானபோது மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் இதைச் சாப்பிட்டவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாந்தி அடியோடு நின்றுவிடும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும், காலை வேளையை ஓரளவு தணித்து, இரண்டு இட்லியாவது வயிற்றில் தங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் அது எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பைரிடாக்ஸின் என்பது வைட்டமின் பி6. டாக்ஸிலமின் அலர்ஜி மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இதே பொருளை 25 மி.கி. அளவில் தூக்க மாத்திரையாகவே கடையில் விற்கிறார்கள். ஆகவே இந்த மாத்திரையைச் சாப்பிட்டவுடன் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வருவது ஒவ்வாமையோ கோளாறோ அல்ல, மருந்தின் குணமே அதுதான். மாத்திரையின் மேலுள்ள பூச்சு இரைப்பையில் கரையாமல் குடலுக்குச் சென்ற பிறகே கரையும்படி அமைக்கப்பட்டிருப்பதால், விழுங்கிப் பல மணி நேரம் கழித்தே மருந்து இரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது. இரவு படுக்கும்போது சாப்பிட்டது விடியற்காலையில் வேலை செய்வது இதனால்தான். குமட்டல் வந்த பிறகு அவசரமாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் பலனில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை. விழுங்க முடியவில்லை என்று பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் அந்தப் பூச்சின் பயனே போய்விடும். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து இன்னும் தாமதமாகும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, ஒரு டம்ளர் தண்ணீருடன் முழுதாக விழுங்குவதே சரி.

தொடக்க அளவு இரவில் இரண்டு மாத்திரை. அது போதாவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து காலையில் ஒன்றும், அதுவும் போதாவிட்டால் மதியத்திற்குப் பின் இன்னொன்றும் சேர்த்து, ஒரு நாளைக்கு நான்கு வரை போகலாம் என்பது இதன் பொதுவான முறை. கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். முதல் மூன்று மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடுவதால் உடம்பு ஏற்கெனவே அடித்துப் போட்டதுபோல் கிடக்கும். அதன்மேல் இந்த மாத்திரையின் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் எது மசக்கை அசதி, எது மருந்தின் அசதி என்று பிரித்தறிய முடியாது. என் அனுபவத்தில் இரவு மாத்திரை வரவு, காலை மாத்திரை செலவு. இரவில் சாப்பிட்டபோது நடுவில் எழாமல் தூங்கினேன், அந்தத் தூக்கமே மறுநாள் சோர்வைப் பாதி குறைத்தது. காலையில் ஒன்று சேர்த்தபோதோ குமட்டல் இன்னும் சற்றுத் தணிந்தாலும் மதியம்வரை தலை மந்தமாக இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற பெண்கள் இதைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும். பகல் மாத்திரை சாப்பிடும் நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் யாராவது கொண்டுபோய் விடட்டும்.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாத்திரையா என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கவலை. இந்த மருந்தின் வரலாற்றில் அதற்கு விடை இருக்கிறது. அமெரிக்காவில் 1956-ல் பென்டெக்டின் என்ற பெயரில் வந்த இது, குழந்தைகளுக்குக் குறைபாடு உண்டாக்குகிறது என்று தொடரப்பட்ட வழக்குகளின் நெருக்கடியால் 1983-ல் நிறுவனத்தாலேயே சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கனடாவில் டைக்லெக்டின் என்ற பெயரில் விற்பனை நிற்காமல் தொடர்ந்தது. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டைக்லெகிஸ் என்ற பெயரில் இதே சேர்க்கைக்கு மறுபடி அனுமதி அளித்தது. கர்ப்ப காலத்தில் இவ்வளவு பெண்களிடம், இவ்வளவு காலம் அலசிப் பார்க்கப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு.

பாதுகாப்பைப் பற்றிய சான்று எவ்வளவு உறுதியோ, பலனைப் பற்றிய சான்று அவ்வளவு உறுதி இல்லை. அந்த மறு அனுமதிக்கு அடிப்படையான, 2010-ல் வெளிவந்த ஆய்வில், குமட்டல், வாந்தியின் கடுமையை 3 முதல் 15 வரை மதிப்பிடும் அளவுகோலில், மருந்து சாப்பிட்டவர்களுக்கு 4.8 புள்ளியும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.9 புள்ளியும் குறைந்தன. வேறுபாடு ஒரு புள்ளிக்கும் கீழே. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்கினால் மருந்தின்மேல் வீண் கோபம் வராது. மசக்கை பெரும்பாலோருக்கு ஆறாவது வாரவாக்கில் தொடங்கி, ஒன்பது பத்து வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, ஐந்தாம் மாதத்திற்குள் தானே அடங்கிவிடும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற வழிகளில் இஞ்சிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, குமட்டலுக்கு மட்டும்; இஞ்சி மரப்பா எனக்கு நெஞ்செரிச்சலைத்தான் கொடுத்தது, படுக்கையை விட்டு எழும் முன் வாயில் போட்டுக்கொண்ட ஒரு பிடி பொரி அதைவிட உதவியது. மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டையால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் தெரியவில்லை. ஒன்டான்செட்ரான் வாந்தியை நன்றாகக் கட்டுப்படுத்தும். ஆனால் மலச்சிக்கல் தருவதோடு, முதல் மூன்று மாதங்களில் சாப்பிட்டால் 10,000 குழந்தைகளுக்குச் சுமார் 3 என்ற கணக்கில் உதடு, அண்ணப் பிளவு கூடுதலாகக் காணப்பட்டதால் அது அடுத்த படியில் வைக்கப்படுகிறது. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும் என்பதால், முதல் மூன்று மாதங்களில் ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பொருளாகப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு குறை: நான் வாங்கிய அட்டையோடு விவரத் தாள் எதுவும் இல்லை, அட்டையின் பின்புறத்து எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். நேரமே முக்கியமான ஒரு மருந்துக்கு இரவில், வெறும் வயிற்றில், முழுதாக என்ற மூன்று சொற்களைத் தமிழில் பெரிதாக அச்சிட என்ன செலவாகிவிடும்?

மாத்திரையே வயிற்றில் தங்காமல் வெளியே வந்துவிடுகிற நிலையில் இதன் எல்லை முடிந்துவிடுகிறது. நாள் முழுவதும் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்ந்த நிறமாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டது என்றால், இன்னும் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்; அங்கே டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். பல வாரங்களாக வாந்தி எடுத்தவர் என்றால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடப்பட வேண்டும் என்பதால், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை மருத்துவமனையில் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.